கோடு போடாத தாள்கள்

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தாளின் குறுக்கே சிவப்பாக ஊறித் தெரியும் கோடுகளையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவை மறுபக்கத்தில் நான் போட்டவை. ஏன் போட்டேன் என்பது போகப்போகத் தெரியும்.

போன வாரம் சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்காக டீக்கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருவர் தன் மகனை இன்ஜினியருக்குப் படிக்க வைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எத்தினி வருசம்பா அது?" என்று டீ ஆற்றுகிறவர் கேட்டார்.

"நாலு வருசம். முடிச்சிட்டு வந்தா இன்ஜினியரு."

"அவ்ளோதானா? என் மாமியா வூட்டு கேசே ஆறு வருசமா நடக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு பதில் வாய்வரை வந்தது. ஆனால் நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். பென்னலூரில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும் அந்தப் பதில் தொண்டையிலேயே இருந்தது. பேச வராதவன் எழுதித்தான் பார்க்க வேண்டும்.

நான் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றின் டிராயிங் ஆபீசில் பிரிண்ட் எடுக்கிறவன். மெல்லிய கண்ணாடித்தாளில் வரைந்து கொடுப்பார்கள். அதை மஞ்சள் பூச்சுத் தாளின் மேல் வைத்து மிஷினுக்குள் விட்டால் விளக்கு வெளிச்சம் படும். பிறகு அம்மோனியா ஆவியில் காட்டினால் கோடுகள் நீலமாக எழும்பி வரும். அந்தப் பிரிண்ட்தான் பட்டறைக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் இரும்பை அறுப்பார்கள், குடைவார்கள். ஒரு டிராயிங்கில் அளவு மாறிவிட்டால் பழைய பிரிண்டுகளையெல்லாம் திரும்ப வாங்கி, முகத்தில் மூலைக்கு மூலை சிவப்பு மையில் கோடு போட்டு, வாரக் கடைசியில் கொளுத்த வேண்டும். அதுவும் என் வேலை.

எங்கள் ஆபீசில் படம் வரைகிறவர்களில் ஒரே ஒருவர் பெண். எல்லோரும் அவரை மேடம் என்போம். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். என்னை அண்ணா என்று கூப்பிடுவார். டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு வந்தவர். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். வேலை பார்த்துக்கொண்டே வெளியிலிருந்து எழுதும் இன்ஜினியர் பரீட்சையை அவர் எழுதிவந்தார். ஒவ்வொரு தடவையும் ஒன்றோ இரண்டோ பாடம். சிலது தேறும், சிலது தேறாது. பெரிய பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒன்று எழுதினார். சின்னதைத் தாயிடம் விட்டுவிட்டு இன்னொன்று எழுதினார்.

டிராயிங்கின் வலது கீழ் மூலையில் மூன்று கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர். மேடத்தின் கையெழுத்து எப்போதும் முதல் கட்டத்தில் இருக்கும். மூன்றாவது கட்டம் இன்ஜினியர்களுடையது. படத்தில் இருக்கும் தப்பையெல்லாம் முதல் கட்டத்துக்காரர்தான் கண்டுபிடித்துச் சொல்வார். கையெழுத்து மட்டும் மூன்றாவதில் விழும். எத்தனையோ பிரிண்ட் எடுத்தவன் என்பதால் எனக்கு இது தெரியும்.

சாப்பாட்டு நேரம் அரைமணி. மற்றவர்கள் வேப்பமரத்தடியில் சீட்டு போடுவார்கள். மேடம் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டு என் பிரிண்ட் அறைக்கு வருவார். அம்மோனியா நாற்றத்துக்குப் பயந்து வேறு யாரும் அங்கே வரமாட்டார்கள் என்பதுதான் காரணம். மீதி இருபது நிமிஷமும் கணக்கு. பழைய பிரிண்டின் பின்பக்கத்தில் போடுவார். நோட்டுப் புத்தகம் ஏன் கூடாது என்று ஒரு நாள் கேட்டேன்.

"நோட்டுல நாலு பக்கம் புரட்டணும்ணா. இதுல கணக்கு முழுசும் ஒரே பார்வைல தெரியும். எங்க தப்பு விட்டேன்னு பார்க்கலாம்."

சிவப்பு மை தாளில் ஊறிப் பின்பக்கமும் தெரியும். அவர் எழுதிய எண்கள் கோட்டின் மேல் விழுந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். குறை ஒன்றும் சொன்னதில்லை. நானாகத்தான் ஒரு நாள், அவருக்கென்று எடுத்து வைக்கும் தாள்களில் கோடு போடுவதை நிறுத்தினேன். அவற்றைத் தனியாக ஒரு தட்டில் வைத்தேன். கொளுத்தும் நாளில் அவர் எழுதி முடித்ததையும் சேர்த்துக் கொளுத்திவிடுவேன். யாருக்குக் கெடுதல் என்று நினைத்தேன். ஒரு வருஷம் யாருக்கும் கெடுதல் வரவில்லை.

இந்த வருஷம் சித்திரை வெயிலில் வந்தது. மேடத்துக்கு ஒரே ஒரு பாடம் மிச்சம் இருந்தது. மிஷின் பாகங்களை வடிவமைக்கிற பாடம். நாலு தடவை எழுதித் தேறாதது. பரீட்சை ஜூனில். அவர் பெயரைப் பதிந்த காலக்கெடு இந்த வருஷத்தோடு முடிகிறது. இந்தத் தடவை எழுதித் தேறவில்லை என்றால் முன்பு தேறியவை எல்லாம் செல்லாமல் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொன்னார். விண்ணப்பத்தோடு இத்தனை வருஷம் வேலை பார்த்தவர் என்று மேனேஜர் கையெழுத்திட்ட சான்றிதழ் வைத்து அனுப்ப வேண்டும். அதை டைப் அடித்து மேனேஜர் மேஜையில் வைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் துளை குடையும் போரிங் மிஷினை ஓட்டுகிறவர் என் அறைக்கு வந்தார்.

"அண்ணாத்த, ஹவுசிங் படம் எண்ணெய்ல ஊறிப்பூட்ச்சி. வேற ஒண்ணு குடு."

ஹவுசிங் என்பது பம்பின் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் உட்காரும் இரும்பு வார்ப்பு. என் இரண்டு கையும் மிஷினில் நீளமான தாள் ஒன்றைப் பிடித்திருந்தன. விட்டால் கோணிவிடும். "தட்டுல இருக்கு, எடுத்துக்கோ" என்றேன். எந்தத் தட்டு என்று சொல்லவில்லை. அவர் ஒன்றை உருவிக்கொண்டு போனார்.

அது மேடத்தின் தட்டு. ஹவுசிங்கின் பழைய அளவு அதில் இருந்தது. புதிய பேரிங் சின்னது என்பதால் துளையையும் சின்னதாக்கியிருந்தார்கள். அவர் எடுத்துப் போனது பெரிய துளைக்கான பழைய படம். முகத்தில் சிவப்புக் கோடு இல்லை. இருபத்திரண்டு ஹவுசிங்கைப் பெரிதாகக் குடைந்து அடுக்கிவிட்டார். மறுநாள் பேரிங் போடப் போனவர்கள், பேரிங் கிணற்றில் போட்ட கல் மாதிரி உள்ளே விழுகிறது என்று சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது.

மேனேஜர் எங்கள் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். பிரிண்டை மேஜையில் விரித்தார். திருப்பினார். பின்பக்கம் முழுக்க மேடத்தின் கையெழுத்தில் ஒரு உத்திரத்தின் கணக்கு. ஹவுசிங்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"இதை எப்படிய்யா புதுப் படம்னு நெனச்ச?" என்று போரிங்காரரைக் கேட்டார்.

"பின்னால மேடம் கணக்கு போட்டுக்கீறாங்க சார். அவங்களே கணக்கு போட்டுக் குடுத்ததுன்னா கரீட்டாத்தான் இருக்கும்னு கண்ண மூடிக்கினு ஓட்டிட்டேன்."

சிரிக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை. பட்டறையில் அவர் கையெழுத்துக்கு அப்படி ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பே இப்போது அவர் கழுத்துக்கு வந்தது.

"இது உங்க தாளாம்மா?"

"என் தாள்தான் சார்" என்றார் மேடம். கோடு போட வேண்டியது யார் வேலை என்று அவருக்குத் தெரியும். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கதவோரம் நின்றேன். நான் சொல்லவில்லை.

மேனேஜர் அந்தச் சான்றிதழை எடுத்து ஒரு இரும்புத் துண்டுக்குக் கீழே வைத்தார். "மொதல்ல ஹவுசிங் தீரட்டும். அப்புறம் இன்ஜினியர் ஆகலாம்."

அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி என்ன என்று கேட்டாள். சொன்னேன். "வூட்டாண்ட வந்து சொல்லி இன்னா பிரயோஜனம்? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு" என்றாள்.

காலையில் முதல் ஆளாகப் போனேன். தட்டில் இருந்த கோடு போடாத தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்தேன். பதினாறு வருஷத்தில் கூப்பிடாமல் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. தாள்களை மேஜையில் வைத்தேன்.

"நான்தான் சார் கோடு போடல."

"ஏன் போடல?"

"மை பின்பக்கம் ஊறும் சார். அவங்க கணக்கு எழுதறதுக்கு."

அவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு நன்றாகத் திட்டினார். திட்டு எனக்கு உறைக்கவில்லை, தோளில் இருந்த மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. ஆனால் இரும்புத் துண்டுக்குக் கீழே இருந்த காகிதம் அங்கேயே இருந்தது.

"நீ சொல்லிட்ட, சரி. இருபத்திரண்டு ஹவுசிங்கை நீ தருவியா? அடுத்த வாரம் பம்பு போயாகணும். புதுசா வார்த்து வர ஒரு மாசம் ஆகும். ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினதுதானே இது."

மேடத்திடம் போய்ச் சொன்னேன். "எதுக்குண்ணா போனீங்க?" என்றார். பிறகு, "அந்த ஹவுசிங் ஒண்ணை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவர் சாப்பிடவே இல்லை. பெரிய துளைக்குள் ஒரு இரும்பு வளையத்தை இறுக்கி இறக்கி, அந்த வளையத்தைப் புதிய அளவுக்குக் குடைந்துவிடலாம் என்பது அவர் யோசனை. வளையத்தைப் புஷ் என்பார்கள். புஷ் துளையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் இறுகி நிற்கும். ரொம்பப் பெரிதானால் வார்ப்பு பிளந்துவிடும். எவ்வளவு பெரிது என்பதுதான் கணக்கு. நாலு தடவை அவரைக் கீழே தள்ளிய பாடத்தில் அது ஒரு அத்தியாயம். கோடு போட்ட தாள் ஒன்றை நான் நீட்டினேன். சிவப்பின் மேலேயே எழுதினார். கடைசியில், ஒரு தலைமயிர் கனம் பெரிதாக இருக்கட்டும் என்று வந்தது.

மறுநாள் பட்டறையில் முதல் ஹவுசிங்கை, புஷ்ஷை அமுக்கி இறக்கும் பிரஸ்ஸுக்குக் கீழே வைத்தார்கள். ஷிப்ட் முழுக்கச் சுற்றி நின்றது. புஷ் பாதிவரை இறங்கியது. டப் என்று ஒரு சத்தம். வார்ப்பு மேலிருந்து கீழாகப் பிளந்து நின்றது.

"இன்னா மேடம், கணக்கு வெடிச்சிட்சா?" என்றார் போரிங்காரர். பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். மேனேஜர் திரும்பி நடந்தார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

எனக்கு ஓடிப் போய்விடலாம் போல இருந்தது. மேடம் அங்கேயே குந்தி உட்கார்ந்தார். பிளந்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு, சுவரின் கனத்தை ஒவ்வொரு பக்கமாக அளந்தார். புடவையெல்லாம் கரி. கூட்டம் கலைந்துபோனதுகூட அவருக்குத் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் வருத்தம் இல்லை. எதையோ கண்டுபிடித்தவர் முகம்.

"புத்தகத்துல சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனமா இருக்கும்ணா. இதுல ஒரு பக்கம் இளைச்சிருக்கு பாருங்க. நான் சராசரி போட்டுட்டேன். இளைச்ச பக்கத்தை வெச்சுல்ல போட்டிருக்கணும்."

மீதி இருபத்தொன்றையும் வரிசையாக வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் நாலு பக்கம் அளந்து சாக்பீஸால் எழுதினார். தூக்கிக் கொடுத்தவன் நான். கிண்டல் செய்த போரிங்காரரும் கொஞ்ச நேரத்தில் வந்து தூக்கினார். "நான் குடைஞ்சதுதானே" என்றார். கணக்கைத் திரும்பப் போட்டபோது, தலைமயிர் கனம் பாதியாகக் குறைந்தது. அமுக்க வேண்டாம், ஹவுசிங்கை எண்ணெய்ச் சட்டியில் காயவைத்து விரிந்ததும் புஷ்ஷை இறக்கலாம் என்றார். கேன்டீனிலிருந்து வடைச் சட்டியை வாங்கி வந்தோம். "இன்னிக்கு மெனு ஹவுசிங் பஜ்ஜியா?" என்று மாஸ்டர் கேட்டார்.

முதலாவது இறங்கியது. ஆறட்டும் என்று காத்திருந்தோம். சத்தம் எதுவும் வரவில்லை. போரிங்காரர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், கோயில் மணி மாதிரி கேட்டது. மேடத்தைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார்.

மேனேஜர் வந்தபோது பத்தொன்பது ஹவுசிங்கில் புஷ் உட்கார்ந்திருந்தது. இரண்டு மட்டும் தனியாக ஓரத்தில் இருந்தன. சாக்பீஸால் பெருக்கல் குறி.

"அது ஏன் நிக்குது?"

"அது ரெண்டும் சுவர் ரொம்ப இளைச்சிருக்கு சார். வேணாம்."

"புஷ் உட்காருமா, உட்காராதா?"

"உட்காரும் சார். இன்னிக்கு நிக்கும். ஓடற பம்புல என்னிக்கு விடும்னு என்னால சொல்ல முடியாது."

"பிளந்தது ஒண்ணு போச்சு. இந்த ரெண்டு இருந்தா இருபத்தொண்ணு அனுப்பிடலாம். யாரும்மா பார்க்கப் போறாங்க?"

சான்றிதழ் அவர் மேஜையில் இரும்புத் துண்டுக்குக் கீழே இருப்பது எனக்குத் தெரியும். மேடத்துக்கும் தெரியும். சும்மா "சரி சார்" என்றால் போதும். இத்தனை வருஷம் அதற்காகத்தானே. நான் மனதுக்குள் சொன்னேன், சரி என்று சொல்லுங்கள் என்று. அதை இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"வேணாம் சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. டிராயிங்கில் ஒரு அளவு சொல்வது போல் சொன்னார்.

மேனேஜர் அந்த இரண்டையும் பார்த்தார். குனிந்து, இளைத்த பக்கத்தை விரலால் தடவினார். அவரும் இன்ஜினியர்தான். "உடைச்சு வார்ப்புக்கே அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அரைமணி கழித்து என்னை அழைத்து அந்தக் காகிதத்தைக் கொடுத்தார். "அவங்ககிட்ட குடு." கையெழுத்து ஈரமாக இருந்தது. நான் ஊதிக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகு மே மாதம் எங்கள் ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததை நாடே அறியும். அதைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இல்லை. பஸ் ஓடவில்லை, தொழிற்சாலை மூடிக்கிடந்தது. திறந்த பிறகும் வெகுநாள் யாரும் உரக்கப் பேசவில்லை. ஜூனில் மேடம் மெட்ராஸ் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தார். எப்படி எழுதினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாலு தடவை கேட்டுப் பழகிய வாய்கள்.

ஐப்பசி மழையில் முடிவு வந்தது. தேறிவிட்டார். செய்தி பட்டறைக்குப் போனதும் போரிங்காரர் கை துடைக்கும் பஞ்சோடு மேலே ஓடிவந்தார்.

"மொத்தம் எத்தினி வருசம் மேடம்?"

"பதினொண்ணு."

"காலேஜில நாலு வருசம்தானாமே?"

"அவங்களுக்கு நாள் பூரா கிடைக்கும். எனக்கு இருபது நிமிஷம்."

இதுதான் அந்த டீக்கடையில் நான் சொல்ல நினைத்த பதில். ஆனால் அது முழுப் பதில் இல்லை என்றும் தோன்றுகிறது. என் கணக்கில், சித்திரை மாதம் "வேணாம் சார்" என்றாரே, அன்றைக்கே அவர் இன்ஜினியர் ஆகிவிட்டார். காகிதம் வந்து சேர ஐப்பசி ஆயிற்று. எனக்குப் படிப்பு இல்லை, என் கணக்கு தப்பாகவும் இருக்கலாம்.

இந்த மாதத் தொடக்கத்தில் அவர் ஒரு கண்ணாடித்தாளைக் கொண்டுவந்தார். அதே புஷ், இப்போது முறையான டிராயிங்காக. மூலையைப் பார்த்தேன். வரைந்தவர் கட்டத்தில் புதிதாக வந்த ஒருவர் பெயர். மூன்றாவது கட்டத்தில் மேடத்தின் கையெழுத்து. எப்போதும் போலக் கட்டத்துக்குள் அடங்கி இருந்தது. நான் பிரிண்ட் எடுத்தேன். முதல் தாள் கொஞ்சம் மங்கலாக வந்தது, இன்னொன்று எடுத்தேன்.

"அண்ணா, அந்தத் தட்டுல இருக்கற பழசுக்கெல்லாம் கோடு போட்டுடுங்க" என்றார்.

"உங்களுக்குத் தாள்?"

"இனிமே நான் வெள்ளைத் தாள் வாங்கிக்கறேன். படிக்கறது நிக்கப் போறதில்லை. உங்களை மாட்டிவிட மாட்டேன்."

சித்திரையிலிருந்து மேனேஜர் அறையிலேயே கிடந்து, முந்தின நாள்தான் தட்டுக்குத் திரும்பி வந்திருந்த கட்டு முழுவதற்கும் கோடு போட்டேன். மூலைக்கு மூலை, அழுத்தி. சிலவற்றின் பின்னால் அவர் கணக்குகள் இருந்தன. ஒன்றையாவது அப்படியே எடுத்து வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. ஓரமாக நின்ற அந்த இரண்டு ஹவுசிங் நினைவுக்கு வந்தது. ஆசைப்பட்ட தாளுக்கும் கோடு போட்டுக் கொளுத்தினேன். பின்பக்கம் எழுதாமல் மிச்சம் இருந்த தாள்கள் பன்னிரண்டு. அவற்றை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். கூப்பிடாமல் நான் போனது இது இரண்டாவது தடவை.

"இதை வூட்டுக்கு எடுத்துக்கினு போகட்டுமா சார்?"

"எதுக்கு?"

"எழுதறதுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோடு போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

"எடுத்துட்டுப் போ."

பதினொரு தாள் தீர்ந்துவிட்டது. இது பன்னிரண்டாவது.

22.12.1991, ஞாயிற்றுக்கிழமை